இடது பக்கம் இழுத்த வண்டி

“வண்டி பொய் சொல்லுமா, டீச்சர்?”

கேட்டவர் மரியஜெபம். ஐம்பத்திரண்டு வயது. கோவில்பட்டியில் இருபத்தாறு வருஷமாகச் சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்.

டீச்சர் என்றது சண்முகக்கனியை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்த வேலையை விட்டுவிட்டு, பிரேக் வேலை மட்டும் பார்க்கிறாள். யாருக்கும் பிடிபடாத வண்டி கடைசியில் அவளிடம் வந்து நிற்கும்.

மரியஜெபம் அன்றுவரை அவள் வாசலை மிதித்ததில்லை.

“என்ன சொல்லுது வண்டி?”

“ஷெட்டுல நின்னா ஒரு குறையும் இல்ல. சக்கரத்தைத் தூக்கிச் சுத்துனா பம்பரமாச் சுத்துது. பிரேக் பேடு புதுசு. டிஸ்க்கும் நேரா இருக்கு. ரோட்டுல போனா இடது பக்கமா இழுக்கு.”

“எவ்வளவு தூரம் போனதும்?”

“ஏழெட்டு கிலோமீட்டர்.”

“வண்டி வந்து எத்தனை நாளாச்சு, அண்ணாச்சி?”

“ரெண்டு மாசம்.”

“ஓட்டிப் பாத்தது?”

“நேத்து.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

சண்முகக்கனி கார் சாவியை வாங்கிக்கொண்டாள். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பைபாஸ் வரைக்கும் போய், வழியெல்லாம் பிரேக்கை அழுத்தி அழுத்தி ஓட்டித் திரும்பினாள்.

இறங்கும்போது கருகல் வாடை அடித்தது.

இடது முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினாள்.

“சுத்துங்க.”

சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. காலையில் ஒற்றை விரலுக்குச் சுற்றிய சக்கரம். சூடு முகத்தில் அறைந்தது.

அவள் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, பிரேக்கில் சேரும் காற்றை வெளியேற்றும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தாள். பிரேக் ஆயில் சுள்ளென்று பீச்சியது.

“இப்ப சுத்துங்க.”

சுற்றியது.

மரியஜெபத்துக்குப் புரிந்துவிட்டது. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய், ஹோஸ். வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்துக் கிடக்கிறது. பிரேக்கை மிதித்தால் ஆயில் போகிறது. காலை எடுத்தால் திரும்ப வழியில்லை. நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் கசிந்தால்தான் பிடி விடும். அப்புறம் எந்த ஷெட்டில் தூக்கிப் பார்த்தாலும் குறையே தெரியாது.

“ஹோஸை மாத்திட்டா முடிஞ்சுது” என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“இது இழுக்குன்னு முதல்ல சொன்னது யாரு?”



செண்பகவல்லி. வண்டியின் சொந்தக்காரர், தபாலாபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அறுபது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவர். சங்கரன்கோவிலில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அக்காவை ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாகப் போய்ப் பார்த்து வருவார். மூன்று தடவை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் இழுக்கிறது, கருகல் வாடை வருகிறது என்று மூன்று தடவையும் சொன்னார்.

“மூணாவது தடவை வந்தப்ப கடையில ஆள் நிறைய. வண்டியில ஒண்ணும் இல்லம்மா, ஓட்டத் தெரியாம ஓட்டுறீங்க, இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.”

“அவங்க?”

“அவங்களும் சிரிச்சாங்க.”



மறுநாள் அந்தம்மா வண்டியை அனுப்பிவிட்டார், விற்றுக் கொடுக்கச் சொல்லி. வாங்க வந்தவரை ஏற்றிக்கொண்டு நேற்று ஓட்டிக் காட்டப் போனபோதுதான், ஓரமாகப் போன சைக்கிள்காரர் மேல் வண்டி பாய்ந்தது. ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தார் மனுஷர்.

“சரி பண்ணி, சத்தமில்லாம அவங்க வீட்டுல விட்டுரலாம்னு இருக்கேன், டீச்சர். பழசை எதுக்குக் கிளறணும்?”

“அன்னைக்கு எத்தனை பேர் சிரிச்சாங்க?”

“ஏழு பேர்.”

அவள் அடுத்த வண்டியின் பக்கம் போய்விட்டாள்.

மரியஜெபம் ஹோஸை மாற்றினார். அன்றைக்குச் சிரித்த ஏழு பேரில் ஐந்து பேரைத்தான் அவரால் கடையில் சேர்க்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, ஆள் நடமாட்டம் இருக்கும்போது, செண்பகவல்லியை ஆட்டோ அனுப்பி வரவழைத்தார்.

“கோளாறு வண்டியிலதான் இருந்துச்சு. இந்தம்மா மூணு தடவையும் சரியாத்தான் சொன்னாங்க. நான் ஓட்டிக்கூடப் பாக்கல. என் தப்பை மறைக்க இவங்களை உங்க முன்னால கேவலப்படுத்திட்டேன்.”

அவருக்குக் காது மடல் கொதித்தது. சிரித்தவர்களில் ஒருவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மன்னிச்சிருங்கம்மா.”

செண்பகவல்லி சாவியை வாங்கி, ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பினார்.

உடனே அணைத்தார்.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். “முன்னால எனக்கு ஓட்ட இப்படிப் பயமா இருந்ததில்ல” என்றார்.

மரியஜெபத்தால் அங்கேயே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. வண்டியைச் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார்.

“அக்காவைப் பாக்க சங்கரன்கோவில் வரைக்கும் நானும் கூட வாரேன்மா.”

அந்தம்மா மறுபடியும் சாவியைத் திருப்பினார்.

“வாங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது.”