வங்கி எழுதிய மொய்

பேராவூரணிக்குக் கிழக்கே நெடுங்கரைக்காட்டில் மூன்று அறிவாளிகள் இருந்தார்கள். இந்தத் தகவலை எனக்குச் சொன்னவர்களும் அவர்கள்தான். மூத்தவர் வைரக்கண்ணு, அடுத்தவர் நாடிமுத்து, கடைக்குட்டி உலகநாதன். அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து தேங்காய் எண்ணெய்ச் செக்கு ஒன்றை ஓட்டிவந்தார்கள்.

செக்கு நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "மோட்டார் ரொம்பச் சூடாகுது. அப்பப்ப ரெஸ்ட் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானமே மோட்டாருக்கு அடியில் பாயை விரித்து, தலையணை வைத்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்திவிட்டார்கள். மோட்டாருக்குக் கழுத்து எது என்பதில் மட்டும் சிறு கருத்து வேறுபாடு இருந்தது. சுவிட்சை அணைக்கும்படி மெக்கானிக் சொல்லவில்லை, இவர்களும் அணைக்கவில்லை. மோட்டார் கம்பளியோடு கருகிப்போனது.

புது மோட்டார் பன்னிரண்டாயிரம் ரூபாய். கையில் இருந்ததோ பத்தாயிரம். வாடிக்கைக்காரர்கள் பக்கத்து ஊர்ச் செக்குக்கு நடையைக் கட்டத் தொடங்கினார்கள். தொழில் கைவிட்டுப் போய்விடுமோ என்று வைரக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், மனிதர் இளைத்தே போனார்.

அப்போதுதான் கடைத்தெருவில் புதிதாகத் திறந்த வங்கியின் நோட்டீஸ் வந்தது. நடப்புக் கணக்கு தொடங்கிப் பத்தாயிரத்தை ஒரு மாதம் எடுக்காமல் வைத்திருந்தால், வங்கி இரண்டாயிரம் பரிசு தரும். பத்தும் இரண்டும் பன்னிரண்டு. சாதாரண ஆட்களாக இருந்தால் உடனே ஓடியிருப்பார்கள். இவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"சும்மா ஒருத்தன் ரெண்டாயிரம் குடுப்பானா? இது மொய்யிடா" என்றார் வைரக்கண்ணு.

"மொய்யின்னா திருப்பிச் செய்யணுமேண்ணே" என்றார் நாடிமுத்து.

"கூடப் போட்டுல்ல செய்யணும்! நாளைக்கு பேங்கு ஒரு காதுகுத்து வச்சா, மூவாயிரமாவது எழுதாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பந்தியில ஒக்கார்றது?"

உலகநாதன் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"அண்ணே, இந்த பேங்குக்கு நானூறு கிளை இருக்குன்னு போட்டிருக்கு. நானூறு புள்ளைக்கும் காதுகுத்துனா நம்ம கதி?"

நாடிமுத்துதான் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பேங்குக்காரங்க சிக்கனமானவங்கண்ணே. நானூறுக்கும் ஒரே நாள்ல குத்தி, ஒரே பந்தலோட முடிச்சிருவாங்க."

இந்த வாதத்தில் யாருக்கும் ஓட்டை தெரியவில்லை. கணக்குத் தொடங்குவது என்று முடிவாயிற்று.

மேனேஜர் எஸ்தர் நாகர்கோவில்காரர், பொறுமையானவர். "வீட்டு முகவரிக்கு ஏதாவது அத்தாட்சி கொண்டு வாங்க" என்று அனுப்பினார். மறுநாள் வங்கி வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மூவரும் வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த வாசற்கதவை இறக்கினார்கள்.

"இந்தா பாருங்க மேடம், பதினாலாம் நம்பரு. எங்கப்பா கையால எழுதுனது. இதவிட என்னா அத்தாட்சி வேணும்?" என்றார் வைரக்கண்ணு.

ரேஷன் கார்டு போதும் என்றார் எஸ்தர். அது வைரக்கண்ணுவின் சட்டைப்பையிலேயே இருந்தது. அதற்குள் கதவில்லாத வீட்டில் ஊர் ஆடுகள் புகுந்து புண்ணாக்கு மூட்டையைக் காலி செய்துவிட்டன.

"சரி, மூணு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்க."

மூவரும் ஒரே பேனாவை ஆளுக்கொரு கையால் பிடித்தார்கள். வைரக்கண்ணு மேலே இழுக்க, நாடிமுத்து கீழே இழுக்க, உலகநாதன் பக்கவாட்டில் தள்ள, சேற்றில் நண்டு ஓடியது மாதிரி ஒன்று காகிதத்தில் விழுந்தது. எஸ்தர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, தனித்தனியாகப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மாதம் முடிந்தது. இரண்டாயிரம் வந்து சேர்ந்தது. பன்னிரண்டாயிரத்தையும் எடுத்துக்கொண்டு நேராக மோட்டார்க் கடைக்குப் போனார்கள். படியில் கால் வைத்த வைரக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், விசேஷமே வைக்காம மொய்ய வாங்கிட்டமேடா!"

"ஊரு காறித் துப்புமேண்ணே" என்றார் நாடிமுத்து.

கடையிலிருந்து நேராகச் சந்தைக்குப் போனார்கள். ஒரு கிடா, சீரகச் சம்பா அரிசி, பந்தல், மைக் செட். ஞாயிற்றுக்கிழமை வங்கிக்காரர்கள் ஆறு பேரும் வந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். செக்குத் திறப்பு விழா என்று நினைத்துத்தான் வந்திருந்தார்கள். கை கழுவியபின் எஸ்தர், "மோட்டார் எங்கே?" என்று கேட்டார்.

"நீங்க சாப்புட்டீங்களே மேடம், அதுதாங்க" என்றான் உலகநாதன்.

விவரம் தெரிந்ததும் எஸ்தருக்கு மனசு கேட்கவில்லை. அந்த வாரமே பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு சிறு கடன் கொடுத்து, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் போதும் என்று சொல்லி அனுப்பினார். புது மோட்டார் வந்தது. செக்கு சுற்றியது. எண்ணெய் வழிவதைப் பார்த்து வைரக்கண்ணு அழுதேவிட்டார். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்து மூவரும் வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வங்கிக்கு வந்தார்கள். எஸ்தர் கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்தார்கள். 'புது மோட்டார் வாங்கிய விழா, கறி விருந்து' என்று மஞ்சள் தடவி அச்சடித்திருந்தது.

"மறுபடியும் விருந்தா? எதுக்குங்க?"

"ரெண்டாயிரத்துக்கே ஒரு கிடா வெட்டுனோம். இப்ப பன்னெண்டாயிரம் செஞ்சிருக்கீங்க. வாங்கிட்டுச் சும்மா இருக்க நாங்க என்னா முறை தெரியாதவங்களா?" என்றார் வைரக்கண்ணு.

"செலவுக்குப் பணம்?"

"மோட்டார வித்துட்டமுங்க."

எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து உலகநாதனுக்குக் கவலையாகிவிட்டது.

"வெசனப்படாதீங்க மேடம். மோட்டார் இல்லாம மோட்டார் விழாவான்னுதானே பாக்குறீங்க? வாங்குனவருக்கும் பத்திரிகை வச்சிருக்கோம். வரும்போது கையோட மோட்டாரையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கோம்."