கொம்பையா போட்ட தாழ்ப்பாள்

"டீச்சர், உங்க பெட்டி செத்துப் போச்சு!"

கொம்பையா கடைக்குள் நுழைந்ததும் சொன்னது அதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஜெபக்கனி தலையைத் தூக்கவில்லை. ஏதோ ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"என் பெட்டி இல்ல அண்ணாச்சி. நீங்க மாட்டுன பெட்டி."

உண்மைதான். செல்போனை இன்டர்நெட் போனோடு சேர்த்துவைக்கிற கேட்வே பெட்டி வேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் ஜெபக்கனியிடம்தான் போக வேண்டும். ஆனால் அவள் வந்து மாட்டித் தர மாட்டாள். கற்றுத் தருவாள், அவ்வளவுதான். ஆட்டோ ஸ்டாண்டின் தலைவரான கொம்பையா, தன்னைவிட எவ்வளவோ இளையவளிடம் சீடனாய் வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

அதிலும் சும்மா உட்காரவில்லை. "எதுக்கு இம்புட்டுப் பாடம்? கடைசிப் பாடத்தைத் தள்ளுபடி பண்ணுங்க" என்று பேரம் பேசி, ஒற்றைக்காலில் நின்று, குறைத்துவிட்டுத்தான் போனார்.

"மணி அடிக்குதா?"

"அடிக்குது."

"எடுத்தா?"

"அவங்க பேசுதது எங்களுக்குக் கணீர்னு கேக்குது. நாங்க பேசுதது அவங்களுக்குக் கேக்க மாட்டேங்குது. ஹலோ ஹலோன்னுட்டு வச்சிருதாவ. தொண்டை கிழியக் கத்தியாச்சு."

ஸ்டாண்டுக்கு ஒரே நம்பர். அந்த சிம் பெட்டிக்குள் இருக்கிறது. பட்டன் போனிலிருந்து யார் கூப்பிட்டாலும் பெட்டி அந்தக் குரலை இன்டர்நெட்டில் ஏற்றி, ரோட்டில் எங்கோ நிற்கிற டிரைவரின் போனுக்கு அனுப்பும். டிரைவர் சொல்கிற பதில் அதே இன்டர்நெட்டில் பெட்டிக்குத் திரும்பி வந்து, கூப்பிட்டவருக்குக் கேட்கும்.

கேட்க வேண்டும்.

"சாயங்காலம் ஆட்டோ புக் பண்ணுத ஆப்பு கம்பெனிக்காரன் வாரான் டீச்சர். நம்ம லைன் ஓடலன்னா அத்தனை டிரைவரும் அவன் தாள்ல கட்டைவிரலை வச்சிருவானுவ. என் கூடவே வண்டி ஓட்டுத மைதீனே ஆடிப்போய் நிக்கான். அப்புறம் என் வண்டிக்கு எவனோ ரேட்டு சொல்லுவான், நான் மண்டைய ஆட்டணும். ஆட்ட மாட்டேன். வண்டிய வித்தாலும் விப்பேன், ஆட்ட மாட்டேன்!"

"மேசையைத் தட்டாதீங்க. எப்பருந்து இப்படி?"

"எவனோ களவாணிப்பய இன்டர்நெட் வழியா பெட்டிக்குள்ள பூந்து, எங்க சிம்முலருந்து ஊரெல்லாம் போன் போட்டான். விடுவனா? செட்டிங்கைத் திறந்து, வெளியிலருந்து உள்ள வார வழி அத்தனையையும் அடைச்சுட்டேன். இப்ப ஒரு எறும்பு நுழையட்டும் பாப்போம்!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"நல்ல வேலை பண்ணீங்க. போய் ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க."

"தலை போற நேரத்துல டீயா?"

"இஞ்சி போட்டு."

முணுமுணுத்துக்கொண்டே போனார். கையில் ரெண்டு கிளாஸோடு திரும்பி வந்தால், கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

காலால் தட்டினார்.

"டீச்சர்! கதவு!"

"யாரு?"

"யாரா? கொம்பையா!"

"வெளியிலருந்து யாரும் உள்ள வரக் கூடாது."

"நான் வெளியாளா? உங்களுக்கு டீ வாங்கத்தான வெளிய போனேன்!"

"வெளியிலருந்து வாரவங்க எல்லாரும் வெளியாளுதான் அண்ணாச்சி. களவாணி பயம்."

"விளையாடாதீங்க, கை சுடுது!"

"அப்ப கதவைத் திறந்தே போட்டுரவா? வாரவன் போறவன் எல்லாம் வரட்டும்?"

"திறந்து போடச் சொன்னனா?" கொம்பையாவுக்கு மரியாதை காற்றில் போய்விட்டது. "எல்லாருக்கும் எதுக்குத் திறக்கே? என் குரலு உனக்குத் தெரியும்லா? எனக்கு மட்டும் திற! மத்தவனுக்கு அடை!"



"அதைப் போய்ப் பெட்டிகிட்டச் சொல்லுங்க."

கொம்பையா திறந்த வாயை மூடவில்லை. டீ தளும்பி விரலில் வழிந்தது. அது தெரியவில்லை அவருக்கு.

"அப்ப இம்புட்டு நாளா பெட்டி வாசல்ல நின்னு கத்துனது எங்க குரலுதானா..."

"கடைசிப் பாடம் முடிஞ்சுது அண்ணாச்சி."

"அதைத்தான் தள்ளுபடி பண்ணியாச்சே!"

"அதான் ஒரு டீயோட முடிச்சிருக்கேன். படியில வச்சுட்டுப் போங்க."

ஒரு கிளாஸைப் படியில் வைத்தார். இன்னொன்றைக் குடித்துக்கொண்டே ஓடினார்.

சாயங்காலம். ஸ்டாண்டில் கம்பெனி ஆள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். பெட்டி இருக்கிற அறையிலிருந்து கொம்பையா வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"வாங்கண்ணே, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். உங்க நம்பருக்கு நானும் அடிச்சுப் பார்த்தேன்." சிரித்தான். "ஊமை லைன்."

மைதீன் கொம்பையாவைப் பார்க்காமல் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேசைக்கு நகர்ந்தான்.

கொம்பையாவின் போன் அடித்தது.

"ஹலோ, ஆட்டோ ஸ்டாண்டா? ஐகிரவுண்டு பக்கத்துலருந்து சமாதானபுரம் போணும். எவ்வளவு?"

கொம்பையா மூச்சை இழுத்தார். மேசையில் இருந்த தாள் பறக்கிற மாதிரி ஒரு கத்து.

"எம்பது ரூவா! ஒரு பைசா குறையாது!"

அந்தப் பக்கம் அமைதி.

மைதீனின் விரல் பாதி வழியில் நின்றது.

"ஏ யப்பா! எதுக்கு இந்தக் கத்துக் கத்துதீங்க? காது சவ்வு கிழிஞ்சிரும் போல. அறுவதுக்கு வாரதுன்னா வாங்க."

கொம்பையா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் அத்தனை மெதுவாய்ப் பேசி அந்த ஸ்டாண்டில் யாரும் கேட்டதில்லை.

"எழுவது தாயி. வாசல்ல நில்லுங்க. இந்தா வாரேன்."

மேசைப் பக்கம் திரும்பினார். குரலை ஏற்றவே இல்லை.

"தம்பி, மேசையக் கொஞ்சம் நகத்துங்க. வண்டி எடுக்கணும்."