முதல் பீச்சு உள்ளங்கைக்கு

அந்தக் காலத்தில் ஆடுமாடு எல்லாம் வாய்விட்டுப் பேசும். பசுவும் பேசும், ஆனால் அளவாகத்தான். அப்போது பால் கறப்பது என்று ஒரு வேலையே கிடையாது. விடிந்ததும் பானையைக் கொண்டுபோய்ப் பசுவின் வயிற்றுக்குக் கீழே வைத்தால் போதும். "எம்புட்டு வேணும்?" என்று அது கேட்கும். சொன்ன அளவுக்குத் தானாகவே பாலை விடும். மிச்சத்தைக் கன்று குடிக்கும். பசுவின் மடியில் மனிதக் கை பட்டதே இல்லை. எதற்குப் படவேண்டும்? வலித்தால் அதுவே சொல்லிவிடுமே. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், சொன்னால் கேட்கிறவர்கள் இருந்தவரைக்கும்.

ஏரிக்கரை ஊர் ஒன்றில் பவளாயியும் அவள் புருஷன் சடையனும் ஒரு பசு வைத்திருந்தார்கள். செம்மண் நிறம், அதனால் செவலை என்று பேர். மழைக்கு முன்னால் அது ஒரு கிடேரிக் கன்று போட்டது. நெற்றியில் வெள்ளை இருந்ததால் கன்றுக்குப் பேர் சுட்டி.

சீம்பால் ஓய்ந்து பால் தெளிந்திருந்த ஒரு காலையில், பானை வைக்க வந்த பவளாயியிடம் செவலை சொன்னது: "பவளா, பின்னாடி இடப்பக்கக் காம்பு சுடுது. சுட்டி வாய் வச்சா உசுரு போவுது. என்னன்னு கொஞ்சம் பாரேன்."

"கன்னு போட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும். மத்த மூணு காம்பு இருக்குல்ல?"

"மூணு இருக்கு. நான் நாலாவதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்."

பவளாயிக்கு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. போய்விட்டாள்.

மறுநாள் பால் குறைந்தது. சடையன் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தான். பசுவைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ராக்கனைக் கூப்பிட்டான். எதைப் பற்றிக் கேட்டாலும் ராக்கனிடம் ஒரு பதில் இருக்கும், கேட்காவிட்டாலும் இருக்கும்.

"மாப்ளே, இது பாலை ஒளிக்குது," என்றான் ராக்கன், தொழுவத்து வாசலில் நின்றபடியே. "கன்னுக்குன்னு மடியில எக்கி வச்சிருக்கு. வலியாவது ஒண்ணாவது!"

"ஒளிக்கிறதுக்கு அது என்ன அடுக்குப் பானையா?" என்றது செவலை. "மடி கல்லாட்டம் கெடக்கு. சந்தேகமா இருந்தா தொட்டுப் பாருங்க."

"மடியில கை வைக்கிறதா! நாங்க என்ன கன்னுக்குட்டியா?" ராக்கன் சொல்ல, சடையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சுட்டி தாயின் காலடியிலிருந்து தலையை நீட்டியது. "அந்தக் காம்புல பாலு உப்புக் கரிக்குது," என்றது.

ராக்கன் கையைத் தட்டினான். "பாத்தியா! ஆத்தாக்காரி சொல்லிக் குடுத்ததை அப்படியே ஒப்பிக்குது!"

"நான் சொன்னா பொய். கன்னு சொன்னா நான் சொல்லிக் குடுத்தது. அப்ப யாரு சொன்னா நம்புவீங்க?"

அது நியாயமான கேள்வி. அதனாலேயே ராக்கன் அதை விட்டுவிட்டு ஊரைக் கூட்டப் போனான்.

சேதி பரவியதும் தொழுவத்தின் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. காரி என்ற எருமை குட்டையிலிருந்து சேறு சொட்டச் சொட்ட வந்தது. "ஏண்டி, நானும் நாலு ஈன்றவதான். எனக்கு வலிச்சுதா? நீ என்னமோ அதிசயமா கன்னு போட்ட மாதிரி அலட்டிக்கிறே."

"உனக்கு வலிக்கலைன்னா சந்தோசம். அதுக்காக எனக்கு வலிக்காதா?"

மயிலைக் காளையும் சும்மா இருக்கவில்லை. "நான் நாள் பூரா ஏர் இழுக்கிறேன். என் கழுத்துக் காய்ப்பைப் பத்தி ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கேனா?" என்றது. இப்போது திறந்திருக்கிறாயே என்று கேட்க அங்கே ஆளில்லை.

வந்தவர் எல்லாரும் மடியைப் பற்றித்தான் பேசினார்கள். வெயில் ஏறும்வரை பேசினார்கள். குனிந்து அதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் முடிவு சொன்னது ராக்கன்தான். கன்று பக்கத்தில் இருப்பதால்தானே ஒளிக்கிறது? கன்றைப் பிரித்துக் கட்டினால் பால் தானாக இறங்கும்.

பவளாயிதான் சுட்டியின் கழுத்தில் கயிற்றைப் போட்டு வேலியோரம் இழுத்துப் போய்க் கட்டினாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. ராக்கன் அண்ணன் சொன்னது அவளுக்கும் சரியாகத்தான் பட்டது.

கன்று வாய் வைக்காத மடியில் பால் தேங்கியது. தேங்கத் தேங்க வீக்கம் ஏறியது. வேலியோரத்தில் சுட்டிக்குக் கஞ்சித் தண்ணீர் வைத்தார்கள். அது அந்த வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கழிந்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

செவலை காலையில் காரணம் சொல்லும். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் படுத்தால் அதிகமாகிறது, கன்றை அவிழ்த்துவிட்டால் மற்ற மூன்று காம்புகளிலாவது குடித்துப் பிழைத்துக்கொள்ளுமே என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும். சொல்லி முடிப்பதற்குள் சடையன் மறுத்துவிடுவான். அடுத்த காலை பேச்சு கொஞ்சம் சுருங்கும். அதற்கடுத்த காலை இன்னும். கடைசியில், "வலிக்குது, கன்னை விடு," என்பது மட்டும் மிஞ்சியது. அதையும், "ஆரம்பிச்சிடுச்சுய்யா பாட்டை," என்று சொல்லி அமர்த்தினார்கள்.

ஒரு காலை பவளாயி பானையைக் கொண்டுவந்து வைத்தாள். கேள்வி வரவில்லை. பாலும் வரவில்லை.

"அரைப் பானை போதும்," என்றாள் தானாகவே.

செவலை வாயைத் திறக்கவில்லை. கோபமாகவும் இல்லை. பேசிப் பேசி ஓய்ந்துபோன முகம் அது. கண்கள் வேலிப்பக்கமே இருந்தன. பவளாயி அந்தப் பக்கம் திரும்பினாள். சுட்டி தரையில் கிடந்தது. கயிற்றைப் பிடித்துத் தூக்கியும் எழவில்லை. முன்னங்கால் மடங்கி மடங்கி விழுந்தது.

"ஏங்க! இங்க வாங்க! கன்னு செத்துரும் போலிருக்கு!"

சடையன் ஓடி வந்தான். ராக்கனும் வந்தான். "ஏ செவலை, பாலை விடு! என்ன பண்ணுதுன்னு வாயைத் தொறந்து சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்!" என்று சடையன் கத்தினான். இத்தனை நாள் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். பாதியில் குரல் இறங்கியது.

செவலை பேசவில்லை. எதிர்த்து வாதாட இப்போது அதன் வாயிலிருந்து அவர்களுக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. இருந்தது மடி ஒன்றுதான்.

பவளாயி கையைக் கழுவிக்கொண்டு மாட்டின் அருகே குந்தி உட்கார்ந்தாள். மனிதக் கை முதன்முதலாக மடியில் பட்டது. மூன்று பக்கம் மெத்தென்று இருந்தது. நாலாவது பக்கத்தைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் சூடு, கருங்கல்லின் கனம். செவலை காலை உதறியது. பானை உருண்டு உடைந்தது.

"உதைச்சுக்கோ. நீ உதைக்கலாம்," என்று முனகிக்கொண்டே பவளாயி மறுபடி கிட்டே போனாள். காம்பை மெல்லப் பிடித்து உள்ளங்கையில் பீச்சினாள். வந்தது பால் இல்லை. மஞ்சள் தண்ணீரும், திரிதிரியாகத் திரைந்த கட்டியும், அதனூடே ரத்த இழையும்.

எழுந்து அந்தக் கையை ராக்கனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அண்ணே, ஒளிச்சு வச்சிருந்தது இதுதான். வாங்கிக்கிறீங்களா?"

ராக்கனிடம் அன்றைக்குப் பதில் இல்லை.

பவளாயி கையை மறுபடி கழுவிவிட்டு வந்தாள். மற்ற மூன்று காம்புகளிலும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள். அவற்றில் வெள்ளையாக, சுத்தமாகப் பால் வந்தது. அதைக் கொட்டாங்குச்சியில் கறந்து சுட்டியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பொழுது சாய்வதற்குள் சுட்டி தலையைத் தூக்கியது. கெட்ட காம்பில் இருந்ததைத் திரும்பத் திரும்பப் பீச்சித் தொழுவத்துக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினாள். சோற்றுக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து மடியில் பூசினாள். சடையன் தண்ணீர் சேந்திக் கொடுத்தான். அவன் செய்த உருப்படியான வேலை அது.

சுட்டி பிழைத்தது. வீக்கமும் வற்றியது. ஆனால் நாலாவது காம்பு மரத்துப் போயிற்று. அதில் பிறகு பால் ஊறவே இல்லை.

"செவலை, நான் செஞ்சது தப்புத்தான். ஒரு வார்த்தை பேசேன். திட்டவாவது செய்," என்று பவளாயி எத்தனையோ தடவை கேட்டாள். செவலை அவளை நிமிர்ந்து பார்க்கும். பிறகு முகத்தைத் திருப்பிக் கன்றை நக்கத் தொடங்கிவிடும்.

சேதி மற்றப் பசுக்களுக்கும் போயிற்று. அவை கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. அதற்கும் தெம்பு இல்லை. ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்திக்கொண்டன. தானாகப் பால் விடுவதையும் நிறுத்திக்கொண்டன. நாலு ஈன்றும் வலிக்காத காரிக்கு ஐந்தாவது ஈற்றில் மடி வீங்கியது. அதுவும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று தொட்டுத்தான் பசு தனக்கு வலிக்கிறது என்று எவரிடமும் சொல்வதில்லை. கறக்க உட்காருகிறவர்கள்தான் மடியைத் தடவிச் சூடு பார்த்து, காம்புக்கு ஒரு பீச்சு உள்ளங்கையில் விட்டு, அது சொல்லாமல் வைத்திருக்கும் பதிலைத் தேட வேண்டியிருக்கிறது.