கயிற்றுத் தலை

“அவகிட்ட மட்டும் அப்படி என்னம்மா சொல்றீங்க?” என்று கேட்டாள் மரகதம்.

உமையாளம்மை கையிலிருந்த ஈரமண்ணை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“யார்கிட்ட?”

“உங்களுக்கே தெரியும். பூவாயிகிட்ட.”

“உனக்குச் சொன்ன மாதிரிதான் அவளுக்கும் சொல்றேன்.”

“அப்ப எனக்குக் கண் இமைக்கிற நேரம், அவளுக்கு அரை நாழிகையா?”

அம்மை மண்ணை முகர்ந்து பார்த்தாள்.

குன்றின் மேலிருந்த அந்தப் பெண்கள் மடத்தில் தண்ணீர் கிடையாது. சிஷ்யைகளே கிணறு வெட்டினார்கள். முறைவைத்து ஒருத்தி குழிக்குள் இறங்குவாள். மற்றவர்கள் மேலே நின்று கயிறு இழுப்பார்கள். வரும் மண்ணைப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று மடத்தின் குருவான அம்மை சொல்வாள். அம்மையின் குரல் கம்மிப் போய் வெகுகாலம் ஆகிறது. வேப்பமரத்தடியில் அவள் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். கேட்டுவந்து எல்லோருக்கும் சொல்பவளைக் கயிற்றுத் தலை என்பார்கள்.

மடத்தில் அதைவிடப் பெரிய பெருமை இல்லை.

மரகதம்தான் அந்த இடத்தில் நின்றவள். குழிக்குள் இறங்கியிருந்த சடச்சியின் தோள் எலும்பு முறியும்வரை.

அன்று அம்மை சொன்னது இது: “உள்ளே பெரிய கல் ஒண்ணு கிடக்கு. அதைக் கட்டி இழுங்க, சடச்சியை மேல ஏத்தின பிறகு.”

‘இழுங்க’ என்றதுமே மரகதம் “புரிஞ்சுதும்மா” என்று தலையாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டாள். கல் பாதி தூரம் ஏறி, ஆடி, நழுவி, கீழே நின்ற சடச்சியின் மேல் விழுந்தது.

மரகதம் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. முக்கியமானதை முதலில் சொல்லாமல் கடைசியில் சொன்னது யார்? நியாயம் என்றால் எல்லோருக்கும் நியாயம்தானே? இதில் எங்கே ஓட்டை இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்று மடம் முழுக்கக் கேட்டாள். யாராலும் காட்ட முடியவில்லை.

ஆனாலும் மறுநாள் கயிற்றுத் தலையில் பூவாயி நின்றாள். போன மழைக்கு வந்து சேர்ந்தவள்.

மரகதம் கயிறு இழுத்தபடியே மரத்தடியைப் பார்ப்பாள். பூவாயி குனிவாள். அம்மையின் உதடு அசையும். பிறகு பூவாயியின் உதடு அசையும். மறுபடி அம்மை. ஒருநாள் அம்மை சிரித்தாள். தன்னிடம் அம்மை சிரித்ததாக மரகதத்துக்கு நினைவே இல்லை.

“ஏதோ மந்திரம் கொடுக்கறாங்க அவளுக்கு,” என்றாள், பக்கத்தில் கயிறு இழுத்த கனகியிடம்.

“உன் வயித்தெரிச்சலை அணைக்கலாம்னா கிணத்துல இன்னும் தண்ணி வரலியே அக்கா,” என்றாள் கனகி.

அன்று மதியம் மரகதம் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

“கிழக்குப் பக்கம் சுவர் இளகியிருக்கு,” என்று அம்மை சொல்வது கேட்டது. “அங்கே கடப்பாரை போடட்டும், மரத்தை இறக்கி முட்டுக் கொடுத்த பிறகு.”

“முதல்ல முட்டு. அப்புறம் கடப்பாரை. கிழக்குப் பக்கம். சரியாம்மா?” என்றாள் பூவாயி.

“சரி.”

“மரம் இறங்கறப்ப உள்ளே ஆள் இருக்கலாமா?”

அம்மை யோசித்தாள். “அதை நான் சொல்லலியா?”

“இல்லம்மா.”

“இருக்கக் கூடாது.” அம்மை சிரித்தாள். “நல்லவேளை, கேட்டே.”

மரகதம் வெளியே வந்தாள்.

“இவ்வளவுதானா?”

பூவாயி பதறி எழுந்து, “வாங்கக்கா,” என்றாள்.

“உன்கிட்ட நான் பேசல.” மரகதம் அம்மை பக்கம் திரும்பினாள். “சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்றா. ஒரு தடவையில புரியாதவளுக்குக் கயிற்றுத் தலை. பாதி சொல்றப்பவே புரியற எனக்குக் கயிறா? இது எந்த ஊர் நியாயம்மா?”

“நியாயம் இல்லைதான்,” என்றாள் அம்மை.

மரகதம் இதை எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாதத்தைத் தயாராக வைத்திருந்தாள். அது வீணாகிவிட்டது.

“இனி நான் சொல்லப்போறதில்லை. கயிற்றுத் தலையில யார் நிக்கணும்னு நீயே சொல்லு. நீ சொல்ற ஆள்தான் நிக்கும்.”

மரகதத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. கிணற்றடியில் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.

“குழிக்குள்ள இறங்கற முறை இன்னிக்கு உனக்கு,” என்றாள் அம்மை.

மரகதம் திறந்த வாயை மூடினாள்.

நடந்து போய்க் குழியின் விளிம்பில் நின்றாள். எட்டிப் பார்த்தாள். கிழக்குச் சுவரிலிருந்து கொஞ்சம் மண் தானாக உதிர்ந்தது. கீழே விழும் சத்தம் வர நேரமாயிற்று.

“அக்கா, நான் நிக்கட்டுமா?” என்று கனகி ஆசையாகக் கேட்டாள்.

கனகி கெட்டிக்காரி. மரகதத்தின் உயிர்த்தோழி. பாதி சொன்னதுமே புரிந்துகொள்வாள்.

மரகதம் கயிற்றை இடுப்பில் கட்டினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பூவாயி,” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.