பச்சைப் பல் அணில்கள்

குளத்தங்கரையில் ஒரு நரி கொட்டகை போட்டிருந்தது. அங்கே பெண் அணில்களுக்கு மட்டும்தான் வேலை. இருட்டு வளைகளில் விளக்காக வைக்கும் கொட்டைகளுக்கு, ஒளிரும் பச்சைப் பொடியால் கோடு போட வேண்டும். தூரிகை? அவரவர் வால்தான்!

"வால் நுனியை வாயில் வைத்து நனைங்கம்மா! அப்போதான் கோடு மெல்லிசா வரும்," என்றது நரி.

அது மட்டும் பொடி மூட்டையைத் தாமரை இலை சுற்றிய கையால்தான் தொடும். ஏன் என்று ஒருத்தியாவது கேட்டாளா? யார் கோடு மெல்லிசு என்ற போட்டிக்கே அவர்களுக்குப் பொழுது போதவில்லை.

ஒரு நாள் வடிவு என்ற அணில் பாதாங்கொட்டையைக் கடித்தாள். முன்பல் கொட்டையோடு வந்துவிட்டது. அடுத்த வாரம் தாடை வீங்கியது. கடிக்க முடியாத அணில் எதைத் தின்னும்? வடிவு செத்துப்போனாள்.

அவள் தோழி செவந்தி நாக்கால் தன் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் ஆடியது.

"அந்தப் பொடி விஷம்டி!" என்றாள்.

"மெதுவாப் பேசுக்கா! நரி காதில் விழுந்தா தொலைஞ்சோம்!" என்றாள் பக்கத்தில் இருந்த மரகதம்.

"பேசாம இருந்தா மட்டும் பிழைச்சிடுவோமாக்கும்?"

இருவரும் கரடி நாட்டாமையின் குகைக்கு ஓடினார்கள். கரடி நரியை வரவழைத்தது.

"அது பால் மாதிரி சுத்தமான பொடி, அய்யா! இவளுங்க கண்டதைத் தின்னுட்டு என் மேல் பழி போடுறாளுங்க. பொடி இவங்க வாய்க்குள் போனதுக்கு என்ன சாட்சி?"

"சாட்சிதானே? வாசலை மறைச்சு நில்லுங்க, நாட்டாமை அய்யா!" என்றாள் செவந்தி.

கரடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. குகைக்குள் கும்மிருட்டு. அணில்கள் இருவரும் வாயைத் திறந்தார்கள். இருட்டுக்குள் இரண்டு வரிசைப் பற்கள் பச்சையாக எரிந்தன!



செவந்தி பொடி படிந்த வாலை நரியின் மூக்கருகே நீட்டினாள். "பால் மாதிரிதானே, மொதலாளி? ஒரே ஒரு நக்கு!"

"ஐயோ, கிட்ட வராதே! மேலே பட்டுடும்!" என்று அலறிக்கொண்டு நரி சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"தெரிஞ்சேதான் செஞ்சியாடா?" என்று கரடி உறுமியது. "கொட்டகையை இழுத்து மூடு! இவங்க எல்லாருக்கும் ஆயுசு முழுக்க நீயே கொட்டை உடைச்சுக் கொடு!"

நரி இன்றைக்கும் உடைக்கிறது. செவந்தி தின்கிறாள். ஒவ்வொரு வாய்க்கும் நாக்கால் மிச்சப் பற்களைத் தொட்டு எண்ணிக்கொள்கிறாள்.

தான் தொடவே பயப்படும் பொருளை நம்மை வாயில் வைக்கச் சொல்கிறவரிடம், முதல் நாளே ஏன் என்று கேட்டுவிட வேண்டும்.