நரி படுத்திருந்த கரை

வட்டமான ஒரு குளம். நடுவில் இரண்டு வாத்துகள், அக்காவும் தங்கையும். கரையில் ஒரு நரி.

கோடை வந்து குளம் வற்றத் தொடங்கியிருந்தது. சேறு மட்டும் மிஞ்சினால் நரி நடந்தே வந்துவிடும். அந்த வாத்துகளுக்குத் தண்ணீரிலிருந்து எழும்பத் தெரியாது. கரையேறி நாலெட்டு ஓடினால்தான் பறக்க முடியும். ஆனால் எந்தப் பக்கம் நீந்தினாலும் நரி அங்கே முந்தி வந்து நின்றது.

“என்ன அவசரம்? தண்ணி வத்தட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றது நரி.

அக்கா வாத்து கணக்கில் புலி என்று பெயர் வாங்கியது. தங்கைக்குத் தன் கால்களை எண்ணினாலே ஒன்று கூடக்குறைய வரும்.

“நடுவுலேருந்து கரைக்கு நமக்கு ஒரு பங்கு தூரம்” என்றது அக்கா. “அதுக்குள்ள நரி பாதிக் குளத்தைச் சுத்தணும். அது மூணு பங்குக்குக் கொஞ்சம் கூட. ஆனா அதுக்கு நம்மைப் போல நாலு மடங்கு வேகம். எப்படியும் முந்திக்கும்.”

“அப்போ வழியே இல்லையா அக்கா?”

“இருக்கு. ஆளுக்கொரு பக்கம் எதிரெதிரா போவோம். நரி ஒண்ணுதானே? நீ வேலமரத்துப் பக்கம் போ. அங்கே கரை சரிவு, ஏற சுலபம். நான் நாணல் பக்கம் போறேன்.”

நரி படுத்திருந்தது வேலமரத்தடியில். அக்காவுக்கு அது தெரியும். கணக்கையே அதை வைத்துத்தான் போட்டது.

தங்கை வேலமரத்தைப் பார்த்தது. அக்காவைப் பார்த்தது. “சரிக்கா” என்று நீந்தத் தொடங்கியது.

அக்கா திரும்பிப் பார்க்காமல் நீந்தியது. நாணல் கரையில் ஏறியது, ஓடியது, பறந்தது. விடை சரியாக வந்துவிட்டது. கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்தது. பார்த்துவிட்டது.

தங்கை கரையேறவே இல்லை! நரியின் வாய்க்கு எட்டாத தண்ணீரில் இங்கும் அங்குமாக நீந்திக்கொண்டிருந்தது. நரி எச்சில் ஒழுகக் கரையோடு கூடவே நடந்துகொண்டிருந்தது.

“ஏறிட்டியா அக்கா? இப்ப நரியை இழுக்குறது உன் முறை” என்று தங்கை கத்தியது.

அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு எளிய வழி தனக்கு ஏன் தோன்றவில்லை என்பதும் அதற்குத் தெரிந்தது. திரும்பி வருவது அதன் கணக்கிலேயே இல்லை.

அது நாணல் கரையில் இறங்கி, ஒரு சிறகைத் தொங்கவிட்டு நொண்டியது. அடிபட்ட வாத்து என்று நினைத்து நரி குளத்தைச் சுற்றி ஓடிவந்தது. அதற்குள் தங்கை வேலமரத்தடியில் ஏறிப் பறந்துவிட்டது. அக்கா எழும்பும்போது வாலிறகு ஒன்று நரியின் பல்லில் மாட்டிக்கொண்டது.

“உன் கணக்கு தப்பாவே போகாதுக்கா” என்றது தங்கை. அதில் கேலி இல்லை. அதுதான் அக்காவைச் சுட்டது.

“நான் திரும்பி வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“இதுக்கெல்லாமா கணக்குப் போடுவாங்க?”

அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, அடுத்த குளம் வரைக்கும் பின்னாலேயே பறந்தது.

கூடப்பிறந்தவளைப் பலி கொடுத்துப் போட்ட கணக்கு, விடை சரியாக வந்தாலும் தலைகுனியத்தான் வைக்கும்.