பூட்டு உடைந்த உப்பளம்

முன்னொரு காலத்தில் கடலோரத்தில் ஒரு பெரிய உப்பளம் இருந்தது. அதன் முதலாளியின் பெயர் பாவம். வேலையாட்களில் ஒருவர்கூட அவனைக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் கங்காணிதான். கங்காணியின் பெயர் பயம்.

பயத்தின் கையில் பிரம்பு கிடையாது. குரல் மட்டும்தான் இருந்தது. விடிந்ததும் குடிசை வாசலில் நின்று, "ஏட்டி, இன்னும் என்ன படுக்கை? வரலைன்னா உன் கதி என்னன்னு தெரியும்லா?" என்பான். என்ன கதி என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததாலேயே எல்லோரும் ஓடினார்கள்.

தங்கபுஷ்பம் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். உப்பு வாரி வாரி அவள் பாதம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பக்கத்துப் பாத்தியில் அவள் தோழி செல்லக்கிளி வேலை செய்தாள்.

ஒருநாள் அந்த நாட்டு ராஜாவின் மகன் உப்பளத்துக்கு வந்தார். நேரே கங்காணியிடம் போனார்.

"இவர்களை விட்டுவிடு. இவர்கள் இடத்தில் நான் நிற்கிறேன்."

பயம் சிரித்தான். "நின்னா உயிரோட திரும்ப முடியாது."

"தெரிந்துதான் வந்தேன்."

முதலாளியின் ஆட்கள் அவரை அடித்தே கொன்றார்கள். வெள்ளை உப்பின் மேல் ரத்தம் பரவியதைத் தங்கபுஷ்பம் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். மூன்றாம் நாள் காலையில் அவரே உயிரோடு வந்தார். அவர் கை பட்டதும் உப்பளத்து வாசல் பூட்டு உடைந்து விழுந்தது. காயம்பட்ட அந்தக் கையை நீட்டி, "வா மகளே" என்றார்.

தங்கபுஷ்பம் பிடித்துக்கொண்டாள். செல்லக்கிளி பாத்தியை விட்டு ஏறவில்லை. "பூட்டு இல்லைன்னா மட்டும் கங்காணி சும்மா விட்டுருவானா?" என்று குனிந்த தலை நிமிராமல் உப்பை வாரினாள்.

அவர் அவளைத் தன் தகப்பனான ராஜாவின் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அங்கே கிருபை என்ற அம்மாள்தான் எல்லாம் பார்த்துக்கொண்டாள். சோறு போட்டு அழைத்தபோது தங்கபுஷ்பம் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் நின்றபடி தின்றாள்.

"ஏன்மா அங்க போற? உள்ள வந்து உட்காரு. ராஜா உன்னை மகளா ஏத்துக்கிட்டார், இது உன் அப்பா வீடு" என்றாள் கிருபை.

உட்கார்ந்தாள். ஆனாலும் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வெளியே அதே குரல். "ஏட்டி தங்கபுஷ்பம்! வேலைக்கு நேரமாச்சு!"

அவள் அலறி எழுந்து வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் கிருபை பின்னால் நிற்பதைக் கண்டாள்.

"என்னைப் பிடிச்சு நிறுத்துங்கம்மா. கதவைப் பூட்டிருங்க!"

"பூட்ட மாட்டேன். பூட்டி வெச்சா இதுவும் ஒரு உப்பளம்தான். எந்த உரிமையில கூப்பிடுறான்னு நீயே அவன்கிட்ட கேளு."

தங்கபுஷ்பம் கதவைத் திறந்து கேட்டாள்.

பயம் கண்ணைச் சுருக்கினான். "நீ களவாண்டது, பொய் சொன்னது, கூட இருந்தவளைக் காட்டிக் கொடுத்தது எல்லாம் எனக்குத் தெரியும். இந்த வீட்டுல உட்கார உனக்கு என்னட்டி யோக்கியதை இருக்கு?"

அத்தனையும் உண்மை. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அவள் படி இறங்கவில்லை.

"யோக்கியதை இல்லைதான். யோக்கியதை இருக்குன்னு நான் இங்க வரலை. அவர் கூட்டிட்டு வந்தார், வந்தேன்."

பயம் திரும்பி நடந்தான். அவன் போன பிறகு அவள் உள்ளே வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

அவன் அதோடு விட்டுவிடவில்லை. பிறகும் வந்து கூப்பிட்டான். அவள் கோலம் போடுவாள், தண்ணீர் எடுப்பாள், பாட்டுப் பாடுவாள். அவன் கத்திவிட்டுப் போவான்.

ஒருநாள் காலையில் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கேம்மா?" என்றாள் கிருபை.

"செல்லக்கிளி இன்னும் அங்கதான் கிடக்கா."

கிருபையின் முகம் மலர்ந்தது. "இரு, ரெண்டு பேருக்கும் சோறு கட்டித் தாரேன்."

தூரத்தில் அவள் வருவதைப் பார்த்ததும் பயத்துக்குத் தலைகால் புரியவில்லை. "வந்துட்டியா! நீ வருவேன்னு எனக்குத் தெரியும்" என்று உப்பு வாரும் பலகையை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "வேலைக்கு வரலை."

"பின்னே? யார் உன்னை அனுப்பினா?"

"யாரும் அனுப்பலை. நானாத்தான் வந்தேன்."

பிறந்ததிலிருந்து 'நானாத்தான்' என்ற வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. பயம் அதைக் கேட்டதும் இல்லை. பலகையைப் பிடித்தபடி வழிவிட்டு ஒதுங்கினான்.

தங்கபுஷ்பம் பாத்தியில் இறங்கினாள். செல்லக்கிளியின் எதிரில் போய்க் கையை நீட்டினாள்.

"வா, போவோம். வாசல் அன்னைக்கிலிருந்து திறந்துதான் கிடக்கு."

செல்லக்கிளி உப்புப் பலகையைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பற்றிக்கொண்டு வரப்பில் ஏறினாள். இருவரும் வாசலைத் தாண்டினார்கள். நாலடி போனதும் செல்லக்கிளி திரும்பிப் பார்த்தாள். பயம் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலையில வந்து கூப்பிடுவானே?"

"கூப்பிடுவான்" என்றாள் தங்கபுஷ்பம். "நீ போக வேண்டாம்."